எல்லாவற்றுக்கும் ‘ஹார்மோன்’ என்கிறார்களே, அது அப்படி என்னதான் செய்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 29 வயது, பிசிஓஎஸ் (‘நீர்க்கட்டி’ என்பார்களே, அது) இருக்கிறது. மாதவிலக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் கேன்சர் வரும் என்று யாரோ சொன்னதால் அட்டையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறீர்கள். அக்காவுக்கு 41 வயது, கருப்பையில் ஃபைப்ராய்டு என்ற தசைக் கட்டி. அம்மாவுக்கு 57, மாதவிலக்கு நின்று ஐந்து வருடம் ஆகிறது, ஆனால் போன மாதம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டிருக்கிறது, ‘அதுவும் ஹார்மோன்தான்’ என்று விட்டுவிட்டார். மூன்று பேருக்கும் ஹார்மோன் கோளாறு என்றால் இது பரம்பரையா, எந்த டெஸ்ட் எடுத்தால் தெரியும், கடைசியில் கேன்சரில் போய் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். டெஸ்ட் பெயரைக் கேட்டிருந்தாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு கேள்வி என்று தோன்றுகிறது: என் உடம்பிலேயே ஊறுகிற ஒன்று எனக்கே கெடுதலாக எப்படி ஆகும்?

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அம்மா விஷயம். மாதவிலக்கு முழுதாக ஒரு வருடம் நின்றுபோன பிறகு படுகிற எந்த ரத்தத்தையும், ஒரே ஒரு சொட்டாக இருந்தாலும், காரணம் பார்க்காமல் விடக் கூடாது. பயமுறுத்தவில்லை. அப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குச் சாதாரணக் காரணம்தான் இருக்கும். அந்தப் பத்தாவது ஆள் யார் என்பது பார்த்தால்தான் தெரியும். இந்த வாரமே அழைத்துப் போங்கள். அங்கே என்ன செய்வார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பேத்தாலஜி மருத்துவர். நோயாளியை நேரில் பார்ப்பது என் வேலை இல்லை. அவர்களிடமிருந்து எடுத்த திசுதான் என்னிடம் வரும். கருப்பை, சினைப்பை, கருப்பை வாய் இவற்றிலிருந்து வரும் துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதனால் உங்களுக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று நான் சொல்வது முறையாகாது. அதை உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஹார்மோன் ஒரு திசுவில் என்ன வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன். ரத்தத்தில் ஹார்மோன் அளவு மணிக்கு மணி ஏறி இறங்கும். திசு அப்படி இல்லை. வாரக்கணக்கில் நடந்ததெல்லாம் அதில் பதிந்து கிடக்கும்.

கருப்பையின் உள்சவ்வை எடுத்துக்கொள்வோம். மாதவிலக்கு முடிந்ததும் சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கும். அதன் வேலை ஒன்றுதான்: வளர். அந்த நாட்களில் எடுத்த துணுக்கை ஸ்லைடில் பார்த்தால் சுரப்பிகள் நேரான சிறு குழாய்களாக இருக்கும், எங்கு பார்த்தாலும் செல்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும். பிறகு சினைமுட்டை வெளியேறும். அது வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் நிறத் திசு புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கும். அது வந்த இரண்டு மூன்று நாளில் காட்சி மாறிவிடும். ஒவ்வொரு செல்லிலும் உட்கருவுக்குக் கீழே ஒரு வெள்ளைக் குமிழி, வரிசை பிசகாமல் தெரியும். அதைப் பார்த்தால் ‘இந்தப் பெண்ணுக்கு முட்டை வெளியாகியிருக்கிறது’ என்று ரத்தப் பரிசோதனை இல்லாமலே சொல்லிவிடலாம். செல் பிரிவது நின்றுபோகும். சுரப்பிகள் வளைந்து நெளிந்து சுரக்கும். கரு தங்கவில்லை என்றால் புரோஜெஸ்ட்ரோன் விழும், சவ்வு மொத்தமாக உதிரும். அதுதான் மாதவிலக்கு. இந்த மாற்றங்களை நாள்வாரியாக நோயஸ், ஹெர்டிக், ராக் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1950இல் எழுதிவைத்தார்கள். (அதே ஜான் ராக்தான் பின்னால் கருத்தடை மாத்திரை உருவானதிலும் முக்கியப் பங்கு வகித்தவர்.) நாள் கணக்கு அவர்கள் நினைத்த அளவுக்குத் துல்லியம் இல்லை என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்திருக்கிறதா, புரோஜெஸ்ட்ரோனும் வந்துபோயிருக்கிறதா என்பதில் இன்றும் ஸ்லைடு நன்றாகவே சாட்சி சொல்லும்.

இப்போது உங்கள் பிசிஓஎஸ். இதைத் தமிழில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரை பயமுறுத்தி வைத்திருக்கிறோம். ஸ்கேனில் தெரிவது கட்டியே இல்லை. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானவை. குழந்தை பெறும் வயதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு இது இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு கூடுதல் இன்சுலினைச் சுரக்கும். அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டும். முட்டை முதிராது, வெளியேறாது. எல்லோருக்கும் இதே வரிசையில்தான் நடக்கிறது என்று சொல்ல முடியாது, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. ஆனால் முடிவு ஒன்றுதான். முட்டை வெளியேறவில்லை என்றால் புரோஜெஸ்ட்ரோன் இல்லை. ஈஸ்ட்ரோஜனோ ஓரளவுக்கு இருந்துகொண்டே இருக்கிறது. ‘வளர்’ என்று சொல்ல ஆள் இருக்கிறது, ‘போதும்’ என்று சொல்ல ஆள் இல்லை.

அப்படி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போனால் ஸ்லைடில் என்ன தெரியும்? சுரப்பிகள் கூடிக்கொண்டே போய் நடுவில் இருக்கும் தாங்குதிசு குறையும். சில ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கும். இதை ஹைப்பர்பிளேசியா என்போம். இதில் எங்கள் கண் தேடுவது ஒன்றே ஒன்று: செல்லின் உருவம் கெட்டிருக்கிறதா? கெடவில்லை என்றால் பெரும்பாலும் மருந்திலேயே சரியாகும். கெட்டிருந்தால் கதை வேறு. 1985இல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சையில்லாமல் பல வருடம் கவனிக்கப்பட்ட 170 பெண்களின் திசுவைப் பார்த்தது. செல் உருவம் கெடாதவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் புற்றுநோய் வந்தது; கெட்டிருந்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு. அந்தப் பழைய எண்களை அப்படியே இன்றைக்குப் பொருத்திப் பார்ப்பதில் சிக்கல் உண்டு. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிகிச்சையே அதை வைத்துத்தான் பிரிகிறது.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. ‘நான்கு மடங்கு’ என்று கேட்டதும் பதற வேண்டாம். 29 வயதில் அந்த நோய் மிக அபூர்வம். மிகச் சிறிய எண்ணின் நான்கு மடங்கும் சிறிய எண்தான். வயது ஏற ஏற, உடல் எடை கூடக் கூட, மாதவிலக்கு வராத மாதங்கள் சேரச் சேரத்தான் அது பேசவேண்டிய விஷயமாகிறது. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான்: ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது துணை இல்லாமல் எத்தனை நாள் தனியாக வேலை செய்தது என்பதுதான் கருப்பையின் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

இது ஊகம் இல்லை. மனிதர்கள் தெரியாமல் செய்து பார்த்துவிட்ட பரிசோதனை ஒன்று இருக்கிறது. 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் மாத்திரையாகத் தாராளமாகக் கொடுத்தார்கள். 1975இல் ஒரே மருத்துவ இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வுகள், அப்படிச் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு ஒன்றில் நாலரை மடங்கும் மற்றொன்றில் ஏழரை மடங்கும் அதிகம் என்றன. அதற்கப்புறம்தான், கருப்பை இருக்கிற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கூடவே புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் கொடுக்க வேண்டும் என்பது விதியானது. கூட்டிக் கொடுத்ததும் அந்தக் கூடுதல் ஆபத்து மறைந்தது. மருத்துவத்தில் காரணமும் விளைவும் இவ்வளவு நேராக நிற்பதை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையில்தான் வரவேண்டும் என்பதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடும். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். உடல் பருமனுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள உறவு மற்ற பல புற்றுநோய்களைவிட இறுக்கமானது, அதற்குப் பெரிய காரணம் இதுதான். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் இன்னொரு விசித்திரம். மார்பகத்தில் அது ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும். கருப்பையில் போய் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும். அதற்காக அந்த மருந்தை யாரும் நிறுத்திவிடக் கூடாது, அதன் நன்மை பெரிது. ரத்தம் பட்டால் உடனே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், அபூர்வமாக ஒன்று. அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்ணின் துணுக்கு வருகிறது, அதில் முப்பது வயதுக்காரிக்கு இருப்பதுபோல் செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன என்றால் எனக்கு வரும் முதல் கேள்வி, ‘இந்த ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது?’ என்பதுதான். கொழுப்பா, மருந்தா, இல்லை சினைப்பையில் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டி எதுவும் இருக்கிறதா? அப்போது ரிப்போர்ட்டில் ‘சினைப்பையை ஸ்கேனில் ஒரு முறை பாருங்கள்’ என்று ஒரு வரி சேர்ப்பேன்.

சரி, பிரிக்காமல் வைத்திருக்கும் அந்த அட்டைக்கு வருவோம். அதில் இருப்பது புரோஜெஸ்ட்ரோன் வகை மட்டுமா, ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த கூட்டு மாத்திரையா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டில் எதுவானாலும் உங்கள் விஷயத்தில் அதன் முக்கிய வேலை, உடம்பு சொல்லத் தவறிய ‘போதும்’ என்ற வார்த்தையைச் சொல்வது. கூட்டு மாத்திரை பற்றி இப்போது கணிசமான ஆதாரம் இருக்கிறது. ஒவ்வொரு ஐந்து வருடப் பயன்பாட்டுக்கும் கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. நிறுத்திய பிறகும் முப்பது வருடம் வரை அந்தப் பாதுகாப்பு நீடிக்கிறது. சினைப்பைப் புற்றுநோயும் ஐந்து வருடத்துக்குச் சுமார் 20 சதவீதம் என்ற கணக்கில் குறைகிறது. 2008இல் 45 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பதினைந்து வருடம் சாப்பிட்டவர்களுக்கு அது ஏறக்குறைய பாதியாக இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உங்களிடம் பேசியவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. டென்மார்க்கில் 18 லட்சம் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஆய்வின்படி, ஒரு லட்சம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் கூடுதலாக 13 பேருக்கு. கருப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் ஐந்து வருடத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்குக் கூடுகிறது, நிறுத்தினால் பத்து வருடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து தனி. 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள், கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து தொடங்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள் ஆகியோருக்குக் கூட்டு மாத்திரை கூடாது. இதில் எதுவும் உங்களுக்கு இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் அட்டையைப் பிரிக்காதீர்கள். இல்லை என்றால், மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் விடுவதைவிட அந்த மாத்திரை உங்கள் கருப்பைக்குப் பாதுகாப்பானது என்பது என் கருத்து. மாத்திரை வேண்டவே வேண்டாம் என்றால், புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தை மெதுவாக வெளிவிடும் கருப்பைச் சாதனம் இருக்கிறது. அது வைத்தவர்களின் சவ்வை ஸ்லைடில் பார்த்தால் சுரப்பிகள் சுருங்கி ஓய்ந்துபோய், சுற்றியுள்ள திசு கர்ப்ப காலத்தில்போல உப்பியிருக்கும். உருவம் கெடாத ஹைப்பர்பிளேசியா அதில் பெரும்பாலும் அடங்கிவிடுவதை நானே தொடர் பயாப்ஸிகளில் பார்த்திருக்கிறேன். எடை அதிகமாக இருந்து, ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே சிலருக்கு முட்டை தானாக வெளியேறத் தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம்; பிசிஓஎஸ் உள்ள உடம்பு எடையை விட்டுக்கொடுக்க மல்லுக்கட்டும்.

மாதவிலக்கு நின்றபின் எடுக்கும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றியும் உங்கள் பயத்துக்குள் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்துக்குப் பிறந்த தேதி உண்டு: ஜூலை 2002. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு, கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தப்பட்டது. பத்தாயிரம் பெண்களுக்கு வருடத்துக்கு 30 என்று இருந்தது 38 ஆனது. அந்த எட்டுப் பேர் உண்மை, மறைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும், ஐம்பது வயதில் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும் சூட்டு அலையால் தூக்கம் கெட்டுத் தவிக்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் செய்திகள் சொல்லவில்லை. கருப்பை அகற்றப்பட்டதால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களிடம் அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறையவே செய்தது. வேறு பெரிய தொகுப்பாய்வுகளோ சற்றுக் கூடுகிறது என்கின்றன. இந்த முரண் இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக யாராவது அடித்துச் சொன்னால், எந்தப் பக்கம் சொன்னாலும், கொஞ்சம் எட்ட நில்லுங்கள்.

அக்காவின் ஃபைப்ராய்டுக்கு வந்தால் இதுவரை சொன்ன கதை தலைகீழாகும். கருப்பைச் சவ்வில் காவல்காரனாக இருந்த புரோஜெஸ்ட்ரோன், கருப்பைத் தசையில் வளரும் ஃபைப்ராய்டுக்குத் தீனி போடுகிறது. பல வருடங்கள் ஈஸ்ட்ரோஜனைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். மாதத்தின் பின்பாதியில், அதாவது புரோஜெஸ்ட்ரோன் இருக்கும் நாட்களில், எடுத்த ஃபைப்ராய்டுகளில் செல் பிரிவது அதிகமாக இருப்பதைப் பார்த்த பிறகும், புரோஜெஸ்ட்ரோனைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் கட்டி சுருங்குவதைப் பார்த்த பிறகும் கருத்து மாறியது. இரண்டு ஹார்மோனும் தேவை என்பதுதான் இன்றைய புரிதல். மாதவிலக்கு நின்றதும் இவை பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். எங்கள் மேஜைக்கு வரும் ஃபைப்ராய்டைக் கத்தியால் அறுத்தால் வெட்டுமுகம் வெள்ளையாக, நூல்கண்டு சுற்றியதுபோல் இருக்கும். அறுத்த உடனே சுற்றியுள்ள தசையைவிட மேலே எழும்பி நிற்கும். அந்தக் காட்சியே ஏறக்குறைய நல்ல செய்திதான். ஐம்பது வயதுக்குள் பத்தில் ஏழெட்டுப் பெண்களுக்கு இது இருக்கிறது என்று அமெரிக்காவில் 2003இல் வந்த ஸ்கேன் ஆய்வு காட்டியது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறுவதும் நடைமுறையில் நாங்கள் கவலைப்படும் விஷயம் அல்ல. தசைப் புற்றுநோய் மிக அபூர்வம், அது பெரும்பாலும் தனியாகத்தான் தோன்றுகிறது. அக்காவுக்குக் கட்டியின் அளவைவிட முக்கியம், ரத்தப்போக்கு எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதுதான். ‘கட்டி இருக்கிறது, கருப்பையை எடுத்துவிடுவோம்’ என்று மட்டும் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் எண்டோமெட்ரியோசிஸை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கருப்பைச் சவ்வு போன்ற திசு சினைப்பையிலும் வயிற்றறையிலும் போய் ஒட்டிக்கொண்டு வளர்வது அது. அந்தத் திசு வெளியிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜனுக்காகக் காத்திருக்காது, தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும்; புரோஜெஸ்ட்ரோன் ‘போதும்’ என்று சொன்னாலும் சரியாகக் கேட்காது. அதனால்தான் ரத்தத்தில் ஹார்மோன் அளவெல்லாம் சரியாக இருக்கும் பெண், வலியில் சுருண்டு கிடப்பாள். மாதவிலக்கு ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போவதால் இது வருகிறது என்று சாம்ப்சன் என்ற மருத்துவர் 1920களில் சொன்னார். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. மீதி விளக்கம் நோய் எதிர்ப்பிலா, மரபணுவிலா என்பது இன்னும் திறந்தே கிடக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சற்று அதிகம்தான். பொதுவாக ஆயுளில் நூற்றுக்கு 1.3 பேர் என்று இருப்பது, இவர்களில் 2க்குள் நிற்கும்.

சினைப்பைப் புற்றுநோயில்தான் எங்கள் துறை பெரிய பல்டி அடித்தது. முட்டை வெளியேறும் ஒவ்வொரு முறையும் சினைப்பை கிழிந்து ஆறுகிறது, அந்தக் காயம்தான் காரணம் என்று ஃபதல்லா என்ற மருத்துவர் 1971இல் எழுதினார். கர்ப்பம், தாய்ப்பால், மாத்திரை எல்லாம் முட்டை வெளியேறுவதை நிறுத்துகின்றன, அவை எல்லாமே ஆபத்தைக் குறைக்கவும் செய்கின்றன. அதனால் கருத்து அழகாகப் பொருந்தியது. பிறகு பிஆர்சிஏ என்ற, மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணுக் கோளாறு உள்ள பெண்களுக்கு முன்னெச்சரிக்கையாக அகற்றிய உறுப்புகளைப் பார்த்தால், மிகக் கொடிய வகைப் புற்றுநோயின் தொடக்கம் சினைப்பையில் இல்லை. கருக்குழாயின் விரல்போன்ற நுனியில் இருந்தது. நான் படித்த காலத்தில் குழாயில் நடுவில் ஒரு வட்டத் துண்டு வெட்டி ஸ்லைடு போட்டுவிட்டு மீதியைத் திரும்பிப் பார்க்கமாட்டோம். இப்போது அந்த நுனியை நீளவாக்கில் மெல்லிசாக அறுத்து முழுவதையும் பார்க்கிறோம். எத்தனை தொடக்கங்களை அந்தக் காலத்தில் தவறவிட்டோமோ! முட்டை வெளியேறும்போது கசியும் திரவம் குழாய் நுனியை நனைத்துக் கெடுக்கிறது என்று பழைய கருத்தையும் புதிய கண்டுபிடிப்பையும் இணைத்துப் பார்க்கிறார்கள். அது நியாயமான ஊகம், நிரூபணம் இல்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோயை ஹார்மோன் கணக்கில் எழுதவே கூடாது. அதன் காரணம் ஹெச்பிவி வைரஸ். அதைக் காட்டியதற்காக ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹார்மோன் அங்கே வெறும் உபபாத்திரம். தடுப்பூசியும் ஸ்கிரீனிங்கும் இருக்கின்றன, மூன்று பேரும் டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போது டெஸ்ட். ‘ஹார்மோன் பேனல்’ என்று இருபது பெயர் கொண்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு நாள் காலையில் எடுத்த ஈஸ்ட்ரோஜன் அளவு, உங்களுக்குப் புற்றுநோய் வருமா என்பதைச் சொல்லாது. மாதவிலக்கு ஒழுங்காக இல்லை என்றால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) இரண்டும் உருப்படியான டெஸ்டுகள்; இரண்டும் மாதவிலக்கைக் கெடுக்கும், இரண்டுக்கும் மருந்து உண்டு. பிசிஓஎஸ் என்று உறுதிசெய்ய ஆண்ட்ரோஜன் அளவு உதவும். அதைவிட உங்களுக்கு முக்கியம் சர்க்கரையும் கொழுப்பும் ரத்த அழுத்தமும், ஏனென்றால் பிசிஓஎஸ் அடிக்க வருவது கருப்பையை மட்டும் இல்லை. உங்கள் கருப்பைக்கான மிக நல்ல டெஸ்டோ செலவில்லாதது: மாதவிலக்கு வந்த தேதி, எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதிவைக்கும் நோட்டு.

பரம்பரையா என்ற கேள்விக்கும் ஹார்மோனில் பதில் தேட வேண்டாம். பிசிஓஎஸும் ஃபைப்ராய்டும் குடும்பங்களில் சேர்ந்து தென்படுவது உண்டு, ஆனால் இரண்டும் ஒரே நோயின் இரு முகம் அல்ல. உண்மையில் விசாரிக்க வேண்டியது, ரத்த உறவில் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்ததா, மார்பகமும் சினைப்பையும் என்று கலந்து வந்ததா என்பதைத்தான். முதலாவது, இந்தப் புற்றுநோய்களைப் பரம்பரையாகக் கொண்டுவரும் லிஞ்ச் நோய்க்குறியைக் காட்டலாம். அதில் சில வகை மரபணுக் கோளாறுகளில் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு ஆயுளில் நாற்பது, ஐம்பது சதவீதம் வரை போகும். இரண்டாவது பிஆர்சிஏ. அப்படி யாரும் இல்லை என்றால் உங்கள் மூன்று பேருக்கும் மூன்று தனித்தனிக் கதைகள்தான்.

கடைசியாக அம்மா. முதலில் உள்வழி (பிறப்புறுப்பு வழியாக எடுக்கும்) ஸ்கேனில் சவ்வின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அப்போது பயாப்ஸி இல்லாமலே விடலாம். ஆனால் திரும்பவும் ரத்தம் பட்டால் தடிமன் என்னவாக இருந்தாலும் பயாப்ஸி எடுக்க வேண்டும். தடிமன் அதிகம் என்றால் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். மயக்க மருந்து பொதுவாகத் தேவைப்படாது, சில நிமிடம் மாதவிலக்கு வலி மாதிரி இருக்கும். அப்படியே ஏதாவது இருந்தாலும், ரத்தம் முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதால் இந்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை கருப்பையைத் தாண்டுமுன்பே பிடிபடுகின்றன, அந்தக் கட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நன்றாக இருக்கிறார்கள். எடுத்த துணுக்கோடு ஒரு படிவம் எங்களுக்கு வரும். அதில் பாதி நேரம் பெயரும் வயதும் மட்டும்தான் இருக்கும். அம்மாவுக்கு மாதவிலக்கு நின்ற வருடம், ரத்தம் பட்ட தேதி, டமாக்சிஃபென், தோலில் தடவும் ஹார்மோன் ஜெல், சத்து மாத்திரை என்று வாங்கிச் சாப்பிடுவது எதுவானாலும் அந்தப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘இந்த ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது’ என்று மைக்ரோஸ்கோப்பில் தலையைக் குனிந்துகொண்டு யோசிப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.